துணியின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 13, திங்கட்கிழமை காலை. பெண்கள் கல்லூரி ஒன்றில் ஆடையியல் கற்பிப்பவள் நான். தையல் கூடத்தைத் திறக்கச் சாவியோடு போனால், வாசலிலேயே ஏழெட்டு மாணவிகள் ஒரு கைபேசியைச் சுற்றி மொய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு ஒருத்தி நகம் கடித்துக்கொண்டிருக்கிறாள். இஸ்ரேலின் எய்லாத் நகரில் அப்போது இன்னும் விடியவில்லை. பிரபஞ்ச அழகி, அதாவது மிஸ் யுனிவர்ஸ் போட்டிக்கு 80 நாடுகளிலிருந்து வந்த பெண்களில் கடைசியாக இருவர் மட்டும் மேடையில் கைகோத்து நிற்கிறார்கள். ஒருவர் பராகுவேயின் நாடியா ஃபெரெய்ரா. மற்றவர் இந்தியாவின் ஹர்னாஸ் கவுர் சந்து. தொகுப்பாளர் "இந்தியா" என்று சொல்லி முடிப்பதற்குள் எங்கள் வராந்தா அதிர்ந்தது. அங்கே மேடையில் அழுகையும் சிரிப்புமாக நின்ற அந்தப் பெண் "சக் தே பட்டே" என்று முழங்கினார். பஞ்சாபில் கபடித் திடலிலும் கல்யாண வீட்டிலும் ஒலிக்கிற உற்சாகக் குரல் அது. பலகைகளைத் தூக்கி எறி என்பது நேர்ப்பொருள்.

பிரபஞ்ச அழகிப் பட்டம் 21 ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கு வந்திருந்தது. 2000 மே மாதம் சைப்ரஸில் லாரா தத்தா அதை வென்றபோது ஹர்னாஸ் இரண்டு மாதக் கைக்குழந்தை.

மாணவிகள் கிரீடத்தைப் பார்த்தார்கள். என் கண் ஆடைக்குப் போயிற்று. வெள்ளி நிறத்தில் உடலோடு ஒட்டி இறங்கிய நீள அங்கி, கல்லும் மினுமினுப்பும் பதித்தது. அதில் கட்டம் கட்டமாக ஒரு வடிவம் ஓடிக்கொண்டிருந்தது. "மேடம், இது புல்காரி மாதிரி இல்லையா?" என்று கேட்டாள் நகம் கடித்தவள். சரியாகத்தான் பிடித்திருந்தாள். அந்த ஆடையை வடிவமைத்த சாயிஷா ஷிண்டே ஒரு திருநங்கை. அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் தம்மைப் பற்றி உலகுக்கு அறிவித்திருந்தார். பஞ்சாபிப் பெண் உடுத்தும் ஆடை என்பதால் புல்காரியின் வடிவங்களைக் கோடுகளாக்கி அதில் இறக்கியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

புல்காரி என்றால் பூவேலை. கைத்தறிக் கத்தர் துணியில், முறுக்காத பட்டு நூலால் செய்வது. பாட்டியாலா பக்கம் ஒரு கிராமத்துக்கு மாணவிகளை ஒருமுறை அழைத்துப் போயிருந்தேன். கயிற்றுக் கட்டிலில் ஒரு மூதாட்டி செந்நிறத் துணியை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார். துணியில் ஒரு கோடு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. விரல் நுனியால் இழைகளை எண்ணுகிறார், ஊசியைக் குத்துகிறார், மறுபடி எண்ணுகிறார். பூ எங்கே என்று தேடினோம். துணியைத் திருப்பிக் காட்டினார். மறுபக்கம் முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பட்டு தகதகத்தது. அவர் பார்த்துத் தைத்ததோ துணியின் பின்பக்கம். பின்னால் எள்ளளவு எள்ளளவாகத் தையல் விழ, முன்னால் அதே நூல் நீளநீளமாகப் படுத்துப் பூவாகிறது. பின்பக்கத்தில் ஓர் இழை எண்ணிக்கை தவறினால் முன்பக்கத்தில் பூ கோணும். வீட்டில் பெண் குழந்தை பிறந்துவிட்டால் அவள் கல்யாணத்துக்கென்று பாட்டிமார் உட்கார்ந்து தைக்கத் தொடங்குவது அந்த மண்ணின் பழைய வழக்கம். துணியே தெரியாதபடி முழுக்க நிரப்பினால் அதற்குப் பாக், அதாவது தோட்டம் என்று பெயர். பாக் முடிய மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகும்.

ஹர்னாஸின் கதையையும் அப்படித் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று அன்றே தோன்றியது. முன்பக்கத்தைத்தான் உலகமே பார்த்துவிட்டதே.

பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் கோஹாலி என்ற ஊர். அங்கே ஒரு சீக்கியக் குடும்பத்தில் 2000 மார்ச்சில் அவர் பிறந்தார். அடுத்த ஆண்டே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 1000 ஆணுக்கு 798 பெண்தான் பஞ்சாபில் இருந்தார்கள். ஃபதேகர் சாகிப் மாவட்டத்தில் 766. இது பஞ்சத்தாலோ நோயாலோ வந்த குறைவு அல்ல. வயிற்றில் இருப்பது பெண் என்று ஸ்கேன் இயந்திரம் காட்டிய பிறகு நடந்தது. கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. வந்தும் எண்ணிக்கை சரிந்துகொண்டே போயிற்று. சீக்கியரின் மிக உயர்ந்த சமய பீடமான அகால் தக்த் 2001-இல் தலையிட்டு, பெண் கருவை அழிப்போருக்கு எதிராகக் கட்டளை பிறப்பிக்க வேண்டியிருந்தது. மகளைக் கொன்றவனைச் சொல்லப் பஞ்சாபி மொழியில் குடிமார் என்று பழைய சொல்லே உண்டு. அவனோடு சீக்கியர் உறவு வைக்கக் கூடாது என்பது விதி. அரசர்களைப் பெற்றெடுத்தவளை எப்படித் தாழ்த்திப் பேசுவீர்கள் என்று குருநானக் கேட்ட மண் அது. அந்தக் கேள்விக்கு 500 வயதாகிறது.

அந்தக் கணக்கில் விடுபடாமல் வந்து சேர்ந்த ஒரு பெண் குழந்தை ஹர்னாஸ். அவருடைய தாயார் மகப்பேறு மருத்துவர். தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்த ஆணாதிக்கத்தை உடைத்துப் படித்து முன்னுக்கு வந்தவர் என்று மகளே பெருமையோடு சொல்லியிருக்கிறார். மருத்துவ முகாம்களில் தாயாருக்கு உதவியாகப் போய், மாதவிடாய்க் காலச் சுகாதாரம் பற்றிப் பேசத் தொடங்கியவர் மகள். பட்டம் வென்ற பிறகும் அதே விஷயத்தைத்தான் கையில் எடுத்தார்.

பள்ளியில் அவரை ஒல்லிக்குச்சி என்று கேலி செய்திருக்கிறார்கள். யாரிடமும் அதிகம் பேசாமல் ஒதுங்கியே இருந்திருக்கிறார். இப்படிப்பட்ட பெண்களை வகுப்பறையில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தோளைக் குறுக்கிக்கொண்டு, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடப்பார்கள். இந்தப் பெண் 17 வயதில் சண்டிகர் நகர அழகிப் போட்டி மேடையில் ஏறினார், வென்றார். 42-ஆவது செக்டாரில் உள்ள அரசு மகளிர் கல்லூரியில் படித்தபடியே மாடலிங், நாடகம் என்று இயங்கினார். பிரபஞ்ச அழகியானபோது பொது நிர்வாகத்தில் முதுகலை மாணவி.

நடுவில் ஒரு தோல்வியும் உண்டு. 2019-இல் மிஸ் இந்தியா இறுதிப் போட்டிக்குப் பஞ்சாப் சார்பில் வந்து, முதல் 12 பேரில் ஒருவராக நின்றுபோனார். அன்று புது அழகிக்குக் கிரீடம் சூட்டியவர் முந்தைய ஆண்டின் மிஸ் இந்தியாவான நம் திருச்சிப் பெண் அனுகீர்த்தி வாஸ். அவரும் கல்லூரி மாணவியாக இருந்து வென்றவர்தான். தோற்ற ஹர்னாஸ் இரண்டே ஆண்டில் திரும்பி வந்தார். 2021 செப்டம்பரில், பிரபஞ்ச அழகிப் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் மிஸ் திவா பட்டம், டிசம்பரில் எய்லாத்.

சீக்கியப் பெண்ணுக்கு மாடலிங் என்பது நமக்குத் தோன்றுவதுபோல அத்தனை எளிதில்லை. 1699 பைசாகி நாளில் ஆனந்தபூரில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியரின் சமூகமான கால்சாவை நிறுவியபோது, வெட்டாத முடி நம்பிக்கையின் அடையாளமானது. முடி என்றால் தலைமுடி மட்டும் அல்ல. 2009-இல் பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றம் ஒரு வழக்கை முடித்துவைத்தது. சீக்கிய நிறுவனம் நடத்தும் மருத்துவக் கல்லூரி ஒன்று, புருவத்தைத் திருத்தியிருந்ததால் ஒரு மாணவிக்குச் சீக்கியருக்கான ஒதுக்கீட்டில் இடம் மறுத்திருந்தது. மழிக்காத முடி சீக்கிய நெறியின் அடிப்படை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாணவிக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு சமயம் தன் நெறியை வரையறுத்துக்கொள்வதில் வெளியாள் நான் தலையிட மாட்டேன். ஹர்னாஸ் தம் நம்பிக்கையை எப்படிப் பேணுகிறார் என்பதும் அவர் விஷயம். ஆனாலும் ஒரு பெண்ணின் புருவம் நீதிமன்றம் வரை போய் அளக்கப்பட்டதை என்னால் மறக்க முடியவில்லை. முடி குறைந்தால் ஒரு சபை கேட்கிறது, உடல் பெருத்தால் இன்னொரு சபை கேட்கிறது. நடுவில் நிற்பவள் அந்தப் பெண்.

அழகிப் போட்டியே கூடாது என்பவர்களை நான் மதிக்கிறேன். 1996-இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தபோது எழுந்த எதிர்ப்பில், மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த நாள் இன்னும் நினைவில் இருக்கிறது. பிரபஞ்ச அழகிப் போட்டியின் பிறப்பிலேயே வணிகம் இருக்கிறது. 1952-இல் கலிபோர்னியாவில் ஒரு நீச்சலுடை நிறுவனம் தொடங்கியது அது. அந்த முதல் ஆண்டிலேயே இந்தியாவின் சார்பில் போனவர் சென்னையில் பிறந்த நடனக் கலைஞர் இந்திராணி ரஹ்மான். பந்தநல்லூர் பாணியில் பரதம் கற்றவர், அப்போதே திருமணமாகித் தாயானவர். பின்னாளில் மணமான பெண்களுக்கும் தாய்மார்களுக்கும் அந்த மேடை மூடப்பட்டு, 2023-இல்தான் மறுபடி திறந்தது. யார் நிற்கலாம் என்ற விதியை எழுதுவதும் மாற்றுவதும் எப்போதும் வேறு யாரோ. எய்லாத் போட்டியிலும் அப்படி ஒரு நெருக்கடி இருந்தது. பாலஸ்தீனர்களின் துயரத்தைச் சுட்டிக்காட்டி, தென்னாப்பிரிக்க அரசு தன் நாட்டுப் போட்டியாளருக்கு ஆதரவை விலக்கிக்கொண்டது. அரசுகளின் கணக்கு ஓர் இளம்பெண்ணின் தோளில் வந்து உட்கார்ந்தது.

இத்தனையும் தெரிந்தும் நான் ஏன் இந்தப் பெண்ணைப் பற்றிப் பேச வந்தேன் என்றால், கிரீடத்துக்குப் பிறகு நடந்ததுதான் காரணம்.

கடைசிச் சுற்றில் அவரிடம் கேட்ட கேள்வி, இன்றைய இளம்பெண்கள் சந்திக்கும் அழுத்தங்களை எப்படிக் கையாள்வது என்பது. தன்மீது நம்பிக்கை வைப்பதுதான் பெரிய சவால், பிறரோடு ஒப்பிடுவதை நிறுத்துங்கள், உங்களுக்காக நீங்களே பேசுங்கள் என்பது அவர் பதிலின் சாரம். பேச்சுப் போட்டியில் எந்த மாணவியும் சொல்லக்கூடிய பதில்தான். நான் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதம் கழித்து அந்தப் பதிலுக்கு அவரே சோதனை எழுத வேண்டியதாயிற்று.

2022 மார்ச் மாதம் ஒரு செய்தியாளர் சந்திப்பில், கர்நாடகக் கல்வி நிலையங்களில் எழுந்த ஹிஜாப் பிரச்சினை பற்றி ஹர்னாஸிடம் கேட்டார்கள். ஹிஜாப் அணியும் பெண்ணை அவள் விரும்பும்படி வாழ விடுங்கள் என்றார். அந்தச் சமயத்தில்தான் பேஷன் மேடையில் நடந்த அவருடைய படங்கள் வெளியாகின. உடல் சற்றுப் பூசியிருந்தது. முகம் தெரியாதவர்களெல்லாம் எடை போடக் கிளம்பினார்கள். எழுதக் கூசும் சொற்கள் அவை. அவர் ஒளியவில்லை. முன்பு ஒல்லி என்று கேலி செய்தார்கள், இப்போது குண்டு என்கிறார்கள், எனக்கு சீலியாக் நோய் இருப்பது யாருக்கும் தெரியாது என்று வெளிப்படையாகச் சொன்னார்.

சீலியாக் என்பது கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை உடல் பகையாக எண்ணித் தாக்குவது. அந்தத் தாக்குதலில் சிறுகுடலின் உட்சுவர் சிதைகிறது. தெற்கைவிட, கோதுமை உண்ணும் வடக்கில் இது அதிகம். இதற்கு மாத்திரை கிடையாது. கோதுமை உட்பட, குளூட்டன் உள்ள தானியங்களை வாழ்நாள் முழுக்க விலக்குவதுதான் வழி. பஞ்சாபிக்குக் கோதுமை எப்படி என்று யோசித்துப் பாருங்கள். குருத்வாராவின் லங்கரில், அதாவது எல்லோருக்குமான இலவச உணவுப் பந்தியில், வரிசையாக உட்கார்ந்திருக்கும்போது, ரொட்டியை இரண்டு கையும் ஏந்தித்தான் வாங்குவார்கள். அது பிரசாதம். கோதுமை மாவும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த கடா பிரசாதமும் அப்படியே. பைசாகியே கோதுமை அறுவடைத் திருநாள். அந்த மண்ணின் மகளுக்கு அந்த மண்ணின் தானியமே ஆகாது. இதை ஊர் முன்னால் விளக்கித்தான் தன் உடலுக்கு மரியாதை கேட்க வேண்டியிருந்தது. நோய் இல்லாமல் வெறுமனே எடை கூடியிருந்தாலும் அந்த மரியாதை அவருக்கு உரியதுதான்.

அந்தச் செய்தி வந்த வாரம் நகம் கடிக்கும் மாணவி என்னிடம் வந்தாள். "ஜெயித்த பிறகும் விடமாட்டார்களா மேடம்?" என்று கேட்டாள். அவளும் ஒல்லியானவள், தோளைக் குறுக்கி நடப்பவள். என்னிடம் உடனே பதில் இல்லை. உட்காரச் சொல்லி, தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

2023 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஹர்னாஸ் கிரீடத்தை அடுத்தவருக்குக் கொடுத்தார். கடைசி நடைக்குக் கறுப்பு அங்கி. அதன் பின்தொங்கலில், அவருக்கு முன்பே இந்தப் பட்டத்தை வென்ற இந்தியர்களான சுஷ்மிதா சென்னும் லாரா தத்தாவும் முகம் காட்டினார்கள். நடக்கும்போது ஒரு கணம் கால் இடறியது, சுதாரித்துக்கொண்டு நடந்தார். இடறிய அந்தத் துண்டுக் காட்சிதான் ஊரெல்லாம் சுற்றியது.

என் மாணவி அந்த ஆண்டுச் செய்முறைத் தேர்வுக்குப் புல்காரியைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு முழம் கத்தர் துணி, முறுக்காத மஞ்சள் நூல், கோடு போடாமல் எண்ணித் தைப்பது. மூன்று முறை பிரித்துத் தைத்தாள். மதிப்பெண் போடும்போது துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன் என்பது எல்லா மாணவிகளுக்கும் தெரியும். மற்றவர்கள் பூ மேலே தெரியும்படி நீட்டுவார்கள். அவள் பின்பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் விரித்து வைத்துவிட்டு, நிமிர்ந்து நின்றாள்.

நன்றி, வணக்கம்.