தண்ணீருக்குக் கூட்டுத் திட்டம், சாலைக்குத் தனித்தனிக் கணக்கு

(நாகர்கோவிலில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், உள்ளாட்சிப் பொறுப்புகளில் இருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

போக்குவரத்தைப் பற்றிப் பேச்சு என்றதும், நாற்கர சாலை எப்போது முடியும் என்று சொல்வேன் என எதிர்பார்த்துச் சிலர் வந்திருக்கலாம். அந்த ஆரூடம் எனக்குத் தெரியாது. எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது. குடிநீருக்குக் கூட்டுத் திட்டம் போடத் தெரிந்த நம் உள்ளாட்சிகள், பஸ்ஸுக்கும் சாலைக்கும் ஏன் கூடுவதில்லை?

நம் கன்னியாகுமரி மாவட்டம் 1,672 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 18.7 லட்சம் மக்கள். அவர்களில் 82 சதவீதம் பேர் நகர்ப்புறத்தார் என்று பதிவாகியிருக்கிறது. அதற்காக இங்கே பெருநகரம் ஒன்றும் இல்லை. தென்னந்தோப்பு, வீடு, வாழைத்தோட்டம், மறுபடியும் வீடு என்று போய்க்கொண்டே இருக்கும். ஓர் ஊர் முடிந்ததை மஞ்சள் பலகை சொன்னால்தான் உண்டு. இதற்குள் ஒரு மாநகராட்சி, நகராட்சிகள், ஐம்பதை ஒட்டிய பேரூராட்சிகள், 95 ஊராட்சிகள். இங்கே வீட்டை விட்டு வேலைக்குக் கிளம்புகிறவர் நாலைந்து எல்லைகளைத் தாண்டித்தான் போய்ச் சேர்கிறார். எந்த எல்லையையும் அவர் பார்ப்பதில்லை. பார்ப்பது நாம்தான்.

சாலைகளின் சொந்தக்காரர்களை எண்ணிப் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை ஒருவருக்கு, மாநில நெடுஞ்சாலை வேறொருவருக்கு, ஒன்றியச் சாலை, பேரூராட்சிச் சாலை, ஊராட்சிச் சாலை, போதாக்குறைக்குச் சானல் எனும் பாசனக் கால்வாயின் கரைச் சாலை நீர்வளத் துறைக்கு. அரசு பஸ்களை ஓட்டும் போக்குவரத்துக் கழகத்தின் தலைமை அலுவலகம் திருநெல்வேலியில். ரயிலின் கோட்ட அலுவலகம் 1979 முதல் திருவனந்தபுரத்தில். நடுவில் இருக்கும் நமக்குக் கிடைத்தது மனு எழுதும் வேலை.

அந்த மனுவையாவது சேர்ந்து எழுதுகிறோமா? ஒரு கவுன்சிலர் பஸ் தம் வார்டுக்குள் வந்து திரும்ப வேண்டும் என்கிறார். அடுத்த பேரூராட்சிக்காரர் தம் சந்திப்பில் நின்று போக வேண்டும் என்கிறார். இரண்டு கோரிக்கையும் நியாயம்தான். இரண்டையும் ஏற்றுக்கொண்டால் பத்து கிலோமீட்டர் வழித்தடம் பதினைந்தாகிறது, அவசரக்காரர் ஷேர் ஆட்டோவுக்குப் போகிறார். பிறகு ஆளில்லை என்று பஸ்ஸின் நடை குறைகிறது. குறைந்த நடைக்காக மறுபடியும் இரண்டு மனுக்கள் போகின்றன.

குளச்சலில் மீன் வாங்கி உள்நாட்டுச் சந்தைகளுக்குக் கொண்டுபோகும் பெண்களைப் பாருங்கள். ஏலம் முடிந்து, பனிக்கட்டி போட்டு, சருவம் எனும் அகன்ற மீன் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிறுத்தத்துக்கு வரும்போது திங்கள்சந்தை பஸ் போயிருந்தால், அடுத்த பஸ்ஸுக்குள் மீனின் விலை இறங்கிவிடும். சருவத்தைப் பார்த்ததும் நிறுத்தாமல் போகும் பஸ்ஸும் உண்டு, அது தனி வழக்கு. திங்கள்சந்தையில் இறங்கினால் தக்கலைக்கு அடுத்த பஸ் எப்போது என்பது வேறு கணக்கு. குளச்சல் நகராட்சி, திங்கள்சந்தை இருக்கும் திங்கள்நகர் பேரூராட்சி, இரணியல் பேரூராட்சி, தக்கலையை உள்ளடக்கிய பத்மநாபபுரம் நகராட்சி என்று அந்தச் சருவம் கடந்துபோகும் மன்றங்களில் எதிலாவது, ஏலம் முடியும் நேரத்தையும் பஸ் கிளம்பும் நேரத்தையும் சேர்த்துவைத்துப் பேசியதாக நான் கேள்விப்பட்டதில்லை. பேசினாலும் தம் எல்லை வரைதான் பேச முடியும்.

கூடாததற்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை, பணமும் இருக்கிறது. பஸ் நிலையம் உள்ளாட்சியின் சொத்து. கடை வாடகை, குத்தகை, வண்டிகள் நிறுத்தும் கட்டணம் எல்லாம் அதன் வரவு. அதனால் பஸ் எங்கே நின்றால் பயணிக்கு வசதி என்பதைவிட, எந்த நிலையத்துக்குள் வந்துபோனால் கடை ஏலம் போகும் என்பது பெரிய கேள்வியாகிவிடுகிறது. கட்டட அனுமதியும் அப்படியே. பிரதான சாலையில் வண்டி நிறுத்த இடமில்லாமல் ஒரு கல்யாண மண்டபம் எழும்புகிறது. அனுமதிக் கட்டணம் ஓர் உள்ளாட்சிக்குப் போகிறது. முகூர்த்த நாள் நெரிசல் மட்டும் அக்கம்பக்கத்து மூன்று ஊர்களுக்குப் பங்கிடப்படுகிறது! கல்லும் எம்-சாண்ட் எனும் செயற்கை மணலும் ஏற்றி வரும் கனரக டாரஸ் லாரிகளை ஓர் ஊர் தடுத்தால், அவை அடுத்த ஊராட்சியின் மெல்லிய தார்ச்சாலையைத் தேடிப் போகின்றன. தடுத்த ஊர் ஜெயித்துவிட்டதாக நினைக்கிறது.

நீண்ட வழியைத் துண்டு துண்டாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் கடலோரமே சாட்சி. திருவனந்தபுரத்தையும் குமரியையும் நீர்வழியாக இணைக்க 1860-இல் தொடங்கியது ஏ.வி.எம். எனப்படும் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய். குமரி வரை அது வரவேயில்லை. வெட்டிய பகுதியும் இன்று ஓரிடத்தில் சாக்கடை, ஓரிடத்தில் தூர்ந்த பள்ளம், ஓரிடத்தில் யாரோ ஒருவரின் வீடு. இதே மண்ணில்தான் 1938-இல் திருவிதாங்கூர் அரசு பஸ் போக்குவரத்தைத் தன் கையில் எடுத்தது. முதலில் எடுத்த தடங்களில் திருவனந்தபுரம்–நாகர்கோவில் தடமும் ஒன்று. முழுத் தடத்தையும் ஒரே பார்வையில் பார்த்தவர்கள் அவர்கள். மன்னராட்சியைப் புகழவில்லை, தடத்தைச் சொல்கிறேன்.

நம்மால் முடியாது என்பதும் பொய். மாசியில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் திருவிழாவான கொடை வருகிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பேரூராட்சி, காவல்துறை, போக்குவரத்துக் கழகம், நெடுஞ்சாலைத் துறை எல்லாரும் ஒரே அறையில் உட்காருகிறார்கள். சிறப்புப் பஸ்கள் எங்கிருந்து, எங்கே நிறுத்துவது, எந்தச் சாலை ஒருவழி என்று முடிவாகிறது. கொடை முடிந்ததும் அந்த அறை கலைந்துவிடுகிறது.

அந்த அறையை ஆண்டு முழுவதும் திறந்துவைக்கச் சட்டம் இருக்கிறது. 1993 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் திட்டக்குழு வேண்டும் என்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்கள், மாவட்ட ஊராட்சியிலும் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் தமக்குள் தேர்ந்தெடுப்பவர்கள். கிராம, நகர மக்கள்தொகை விகிதப்படி இடம். 82 சதவீதம் நகர்ப்புறம் என்றால் யார் பெரும்பான்மை என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் பொதுவான நிலப் பயன்பாடு, உள்கட்டமைப்பு இரண்டையும் அந்தக் குழு கவனிக்க வேண்டும். பஸ்ஸும் சாலையும் இதற்குள் வராவிட்டால் வேறு எதுதான் வரும்? அது போதாதென்றால், உள்ளாட்சிகள் சேர்ந்து கூட்டுக் குழு அமைக்க 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்திலேயே வழி இருக்கிறது.

சட்டம் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். போதாதுதான். சென்னையில் எல்லாப் போக்குவரத்தையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர 2010-இல் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022-இல். தலைநகரத்துக்கே அத்தனை காலம் என்றால், நாம் மாவட்டம் முழுவதற்கும் ஒரே நாளில் திட்டம் கேட்பது வீண் ஆசை. எனவே ஒரே ஒரு தடத்தோடு தொடங்கலாம் என்கிறேன்: குளச்சல்–திங்கள்சந்தை–தக்கலை. கடலோரத்திலிருந்து தேசிய நெடுஞ்சாலை வரை. தேவைப்பட்டால் பிறகு குலசேகரம் வரை நீட்டுவோம், ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் விடியற்காலை பஸ் வேண்டுமே.

இந்தத் தடத்தில் இருக்கும் உள்ளாட்சிகள் எல்லாம் ஒரே மாதத்தில், ஒரே வாசகத்தில் தீர்மானம் போட வேண்டும். ஏல நேரம், பள்ளி நேரம், இரணியல் ரயில் நேரம் மூன்றையும் வைத்து ஒரு பஸ் அட்டவணை. டாரஸ் லாரி போகும் சாலை எது, போகக்கூடாத சாலை எது என்று ஒரே வரைபடம். மண்டபத்துக்கும் பெரிய கடைக்கும் அனுமதி தருமுன் பக்கத்து உள்ளாட்சிக்கு ஒரு கடிதம். செலவை மக்கள்தொகைப்படி பங்கிட்டுக்கொள்ளலாம். ஒரு மன்றத்தின் மனுவைக் கோப்பில் வைத்துவிடுவது எளிது. தடம் முழுவதும் ஒரே குரலில் கேட்டால் திருநெல்வேலியிலிருந்து பதில் எழுதியாக வேண்டும்.

வரைவுத் தீர்மானத்தின் பிரதிகள் பின்வரிசை மேசையில் இருக்கின்றன. நேர அட்டவணையின் முதல் பக்கத்தைக் குளச்சல்காரர்கள் பார்த்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். ஏலம் முடியும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதை நான் தோராயமாகத்தான் போட்டிருக்கிறேன். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.