காய்க்கும் முன் கொடுத்த கூலி

(சேலத்தில் ஆய்வு மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

உள்ளே வரும்போது ஒரு தம்பி, "சார், ஜே.ஆர்.எஃப். கிளியர் பண்றது எப்படின்னு பேசப்போறீங்களா?" என்று கேட்டார். இல்லை தம்பி. தேர்வு வைத்து ஆய்வு மாணவர்களுக்குக் கொடுக்கிற அந்த உதவித்தொகையைப் பற்றி உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். ஜே.ஆர்.எஃப். என்ற பேரே இல்லாத காலத்தில் ஃபெலோஷிப், அதாவது ஆய்வு உதவித்தொகை, வாங்கியவர்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பித் தோட்டம் வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நாற்று நட்டு மூன்று நான்கு வருஷம் போனால்தான் பழம். அதுவரைக்கும் களை எடுக்கணும், நிழல் மரத்தைக் கழிக்கணும், ஆளுக்குக் கூலி கொடுக்கணும். வரவு காலணா கிடையாது. ஃபெலோஷிப் என்பது அந்த மூன்று வருஷக் கூலி. பரிசு என்பது பழம் பார்த்த பிறகு போடுகிற மாலை. நாம் இரண்டையும் ஒன்றாக்கி, கூலி கிடைத்த அன்றே ஐந்து ரோட்டில் பேனர் வைத்துவிடுகிறோம்.

நமக்குப் பக்கத்து ஊரான ஈரோட்டில் பாட்டி வீட்டில் பிறந்தவர் கணித மேதை ராமானுஜன். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை கிடைத்தது. ஆங்கிலத்தில் தேறாததால் அது பறிபோனது. பிறகு சென்னையில் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வை எழுதி அதிலும் தோல்வி. 1912-இல் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. மறுவருஷம் மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது, இரண்டு வருஷத்துக்கு. எம்.ஏ. முடித்தவருக்குத்தான் அந்தத் தொகை என்பது விதி. இவரிடம் எந்தப் பட்டமும் இல்லை. விதியைக் கையில் வைத்துக்கொண்டே, அதைத் தாண்டி ஒரு வழி கண்டுபிடித்தார்களே, அந்தக் குழுவில் இருந்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை. 1914 மார்ச்சில் கப்பல் ஏறுவதற்குள் மூன்று அறிக்கை கொடுத்தார். தொகையீடுகளைக் கணக்கிடும் ஒரு பொதுவழி அவற்றில் இருக்கிறது. இன்றைக்கு உலகம் அதை ராமானுஜனின் தலைமைத் தேற்றம் என்கிறது. காலாண்டு அறிக்கை என்றாலே முகம் சுளிக்கிறோம், நானும்தான். அந்த மூன்றையும் நினைத்தால் சுளிப்பு கொஞ்சம் குறைகிறது.

அமெரிக்காவில் செனட்டராக இருந்த சைமன் குகன்ஹைமும் அவர் மனைவி ஓல்காவும் 1922-இல் பதினேழு வயது மகனைப் பறிகொடுத்தார்கள். அவன் பேரில் 30 லட்சம் டாலர் வைத்து ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். 1925-இல் முதல் ஆண்டு அதன் ஃபெலோஷிப்பைப் பெற்றவர்கள் 15 பேர். அதில் ஆரன் கோப்லண்ட் என்ற இளம் இசையமைப்பாளரும் ஒருவர். விஞ்ஞானிக்கும் பாட்டுக்காரருக்கும் ஒரே பையிலிருந்து பணம்! நம் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். 1932-இல் மார்த்தா கிரஹாமுக்குக் கொடுத்தார்கள். நடனத்துக்கு அதுதான் முதல். இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன் இந்த ஃபெலோஷிப்பில் வந்தது எங்கே தெரியுமா? லாகூருக்கு. 1926-27-இல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1927-லேயே நோபல் பரிசு.

எனக்குப் பிடித்த கதை காம்ப்டனுடையது அல்ல, பார்பரா மெக்ளின்டாக்குடையது. மக்காச்சோளத்தின் குரோமோசோம்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1933-இல் இதே உதவியோடு ஜெர்மனி போனார். அந்த வருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். யாரோடு சேர்ந்து வேலை செய்யப் போனாரோ அந்த யூத விஞ்ஞானி அங்கே இல்லை. மனம் நொந்து, காலம் முடியும் முன்னே ஊர் திரும்பினார். இன்றைய கணக்குப்படி அந்த ஃபெலோஷிப் வீண். ஆடிட் வந்தால் எழுதித் தள்ளுவார்கள். அவருக்கு நோபல் பரிசு வந்தது 1983-இல். ஐம்பது வருஷம்! எந்தக் காப்பிச் செடிக்காக அவ்வளவு நாள் காத்திருப்போம்?

தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாளையும் சொல்லணும். தலச்சேரியில் பிறந்து சென்னையில் பாடம் நடத்தியவர், ஆசியப் பெண்களுக்கென்று இருந்த பார்பர் உதவித்தொகையில் மிச்சிகன் போனார், 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். திரும்பி வந்து கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தார். பணம் கொடுத்தது அமெரிக்காவில், கரும்பு இனித்தது இங்கே.

கடைசியாக என் கதை ஒன்று. ஒருமுறை ஒரு தேர்வுக் குழுவில் இருந்தேன். ஏற்காட்டு மலைக்கிராமத்துப் பெண்கள் காப்பிப் பழம் பறிக்கும்போது பாடுகிற பாட்டுகளைப் பதிவு செய்யப்போவதாக ஒரு மாணவி மனு போட்டிருந்தார். 'எதிர்பார்க்கும் முடிவுகள்' என்ற கட்டத்தில், "இன்னும் தெரியவில்லை, கேட்ட பிறகுதான் சொல்ல முடியும்" என்று எழுதியிருந்தார். பத்துக்கு மூன்று போட்டேன். ராமானுஜனைப் பற்றி அன்று காலையில்தான் வகுப்பெடுத்திருந்தேன்.

அந்தப் பெண் இப்போது சூரமங்கலத்தில் ஒரு வங்கியில் இருக்கிறார். பென்ஷன் விஷயமாகப் போனால், "உட்காருங்க சார்" என்று நாற்காலி எடுத்துப் போடுவார்.