‘ஹம் லோக்’: நாமா, நாங்களா?

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி. அதில் ‘ஹம்’ என்ற ஒற்றைச் சொல்.)

இந்தியில் இருக்கும் ‘ஹம்’ என்ற சொல்லைத் தமிழாக்க முனைந்தால் உடனே தயங்குவோம். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விலக்கி வைத்தால் ‘நாங்கள்’. இந்திக்காரர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் தொடங்கிய ‘ஹம் லோக்’ தொடரின் ஒவ்வொரு எபிசோடும் ‘நாங்கள்’ என்று ஆரம்பித்து ‘நாம்’ என்று முடிந்தது என்பேன்.

(திரையில்: குறுகலான வீட்டின் கோட்டோவியம். ஆட்கள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள்.)

முதல் 22 நிமிடங்கள் ‘நாங்கள்’. குடித்துவிட்டு வீடு திரும்பும் பஸேசர் ராம். எதையும் பொறுத்துக்கொள்ளும் மனைவி பகவந்தி. தாத்தா, பாட்டி, ஐந்து பிள்ளைகள். பெண்கள் மூவருக்கும் பட்கி, மஞ்ஜ்லி, சுட்கி என்று பெயர். பெரியவள், நடுவுள்ளவள், சின்னவள் என்று நம் வீடுகளில் கூப்பிடுவது போலத்தான். மஞ்ஜ்லிக்கு நடிகையாகும் ஆசை, சுட்கிக்கு டாக்டராகும் ஆசை. அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த மேகி நூடுல்ஸ் விளம்பரதாரர்.

கதை முடிந்ததும் ‘நாம்’. நடிகர் அசோக் குமார் வருவார். அரை நிமிடம், மிஞ்சினால் நாற்பது விநாடி. அன்று நடந்ததைச் சுருக்கிச் சொல்லி, ‘இதில் யார் செய்தது சரி?’ என்கிற மாதிரி நம்மிடமே கேட்டுவிட்டுப் போவார்.

(திரையில்: மெக்சிகோவிலிருந்து டெல்லிக்கு ஒரு கோடு.)

அவரை அங்கே நிறுத்தியதற்குக் காரணம் உண்டு. கதை வழியாகச் சமூகக் கருத்தைச் சொல்லும் முறையை மெக்சிகோவின் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் மிகேல் சபிதோ வகுத்திருந்தார். பின்பற்ற வேண்டிய பாத்திரம், தவிர்க்க வேண்டிய பாத்திரம், இடையில் தடுமாறித் திருந்தும் பாத்திரம். அதைத் தழுவி எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. குடும்பக் கட்டுப்பாட்டை அழுத்திச் சொன்ன முதல் 13 எபிசோடுகள் மக்களுக்குச் சலித்துவிட்டன. ஜோஷி உபதேசத்தைக் குறைத்தார், குடும்பச் சண்டையைக் கூட்டினார். ஊர் உட்கார்ந்து பார்த்தது. உபதேசத்தைவிட மாமியார் மருமகள் சண்டை சுவையானது என்பதைக் கண்டுபிடிக்க மெக்சிகோ வரை போயிருக்க வேண்டாம்!

சிக்கல் பகவந்தியிடம் வந்தது. ‘இப்படி அடங்கிக் கிடக்காதீர்கள்’ என்று காட்டத்தான் அவளைப் படைத்தார்கள். பார்த்த பெண்களில் பலர் அவளையே உத்தமி என்று எடுத்துக்கொண்டார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில் இது பதிவாகியிருக்கிறது. எனக்கு இதில் வியப்பில்லை. பொறுமைக்குப் பூமாதேவியை உவமை சொல்லி வளர்க்கப்பட்டவர்களிடம், பொறுத்துப்போகும் ஒருத்தியைக் காட்டி ‘இது தவறு’ என்றால் எப்படி எடுபடும்? கதையே சொல்லிவிடும் என்று எழுதியவர்கள் நம்பிய இடத்தில், வாய்விட்டுச் சொல்ல ஒரு பெரியவர் தேவைப்பட்டார்.

(திரையில்: மேசை மேல் குவியும் தபால்கள்.)

1985 டிசம்பரில் தொடர் முடிவதற்குள் லட்சக்கணக்கான கடிதங்கள் வந்து சேர்ந்தன. அசோக் குமாருக்கு எழுதியவர்களில் இளைஞர்களும் இளம்பெண்களும் இருந்தார்கள். தாங்கள் விரும்பியவரையே மணக்கப் பெற்றோரிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தரும்படி கேட்டிருந்தார்கள்.