மூன்று மணி நேரத்துக்குள் ஒரு கிராம்

நேயர்களுக்கு வணக்கம். இன்று பேசப்போவது, விபத்தில் ரத்தப்போக்கை அடக்கும் டிரனெக்ஸாமிக் ஆசிட் என்ற மருந்தைப் பற்றி. விபத்தில் அடிபட்டு, ரத்தம் கொட்டக் கொட்டக் கொண்டுவரப்படும் ஒருவரிடம் மருந்தைச் சோதித்துப் பார்ப்பதா என்று கேட்டால் யாருக்கும் மனசு சுருங்கும். ஆனால் சோதிக்காமலே கொடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போடும் வழக்கம் உலகெங்கும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. மூளை வீக்கம் வடியும் என்ற நம்பிக்கைதான். லண்டன் குழு ஒன்று 10,008 பேரிடம் நடத்தி 2004-இல் வெளியிட்ட 'கிராஷ்' ஆய்வு அதைப் புரட்டிப் போட்டது. இரண்டு வாரத்தில் இறந்தவர்கள், ஊசி போடாதவர்களில் ஆயிரத்துக்கு 179 பேர். போட்டவர்களில் 211 பேர். நல்லெண்ணத்தோடு போட்ட ஊசி அது.

அதே லண்டன் குழு அடுத்து எடுத்தது டிரனெக்ஸாமிக் ஆசிட். மாதவிடாயில் அதிக உதிரப்போக்குக்குப் பெண்கள் சாப்பிடும் மாத்திரையாகப் பலருக்குத் தெரிந்திருக்கும். ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் அறிவித்த மருந்து, விலை மலிவு. ரத்தக்குழாய் கிழிந்தால் உடம்பு ஃபைப்ரின் இழைகளால் அதன்மேல் ஒட்டுப் போடுகிறது. பலத்த அடி பட்ட உடம்பில் பிளாஸ்மின் என்ற நொதி அந்த ஒட்டை அவசரமாகப் பிய்த்துவிடும். இந்த மருந்து அதைத் தடுக்கிறது.

'கிராஷ்-2' ஆய்வு 2010-இல் வெளியானது. இந்தியா உட்பட 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 பேர். சேர்க்கப்பட்டவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே, அல்லது நாடித்துடிப்பு 110-க்கு மேலே, அல்லது பெரிய ரத்தப்போக்கு வரும் என்ற சந்தேகம் இருக்க வேண்டும். அடிபட்டு எட்டு மணி நேரம் தாண்டியிருக்கக் கூடாது. பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெறும் சலைன். பெட்டிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், எண் மட்டும்தான் வேறு. எதில் என்ன இருக்கிறது என்று டாக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 'இவர் பாவம், மருந்துப் பெட்டியையே எடுப்போம்' என்று கை நீள இடம் கொடுத்தால் ஆய்வு அங்கேயே செத்தது.

மொத்தத்தில் இறப்பு ஆயிரத்துக்கு 160-லிருந்து 145-ஆக இறங்கியது. ஆனால் என்னைக் கேட்டால், அடுத்த ஆண்டு வந்த மறுகணக்குதான் முக்கியம். ரத்தப்போக்கால் நேர்ந்த இறப்பை மட்டும் எடுத்து, நேரவாரியாகப் பிரித்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஆயிரத்துக்கு 77 என்பது 53 ஆகிறது. ஒன்றிலிருந்து மூன்று மணி வரை, 61 என்பது 48. மூன்று மணி தாண்டினால் 31 என்பது 44-ஆக ஏறுகிறது! அதே மருந்து, அதே அளவு, கடிகாரம்தான் வேறு. தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பலன் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று 2018-இல் 40,000 பேரின் தகவல்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு சொன்னது.

வார்டில் தப்பு நடப்பதும் இங்கேதான். கேஸ் ஷீட்டில் 'அடிபட்ட நேரம்' என்ற கட்டத்தில் வந்து சேர்ந்த நேரத்தை எழுதிவிடுவார்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஏழு மணிக்கு அடிபட்டு, இரண்டு இடம் மாறிச் சென்னைக்கு ஒன்பதரைக்கு வந்தவருக்கு மீதி இருப்பது அரை மணி. ஷீட்டில் ஒன்பதரை என்று விழுந்தால், மூன்று மணி நேரம் இருப்பதாக எல்லோரும் நிதானமாக ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். உடன் வருபவர் 108 ஊழியரிடமும் டாக்டரிடமும் முதலில் சொல்ல வேண்டியது அடிபட்ட நேரத்தைத்தான். முதல் மருத்துவமனையில் ஊசி போட்டிருந்தால் அந்த நேரமும் ரெஃபரல் சீட்டில் ஏறியிருக்க வேண்டும்.

கொடுக்கும் முறை: 500 மில்லிகிராம் ஆம்பூல் இரண்டு, 100 மில்லி சலைனில் கலந்து பத்து நிமிடத்தில். ட்ரிப்பை முழுக்கத் திறந்துவிட்டால் பத்து நிமிடத்துக்கு முன்பே ஓடி முடிந்துவிடும். வேகமாக ஏறினால் பி.பி. இறங்கும், இறங்கியது ரத்தப்போக்காலா, மருந்தாலா என்று குழம்ப வேண்டியதுதான். பிறகு இன்னொரு கிராம், எட்டு மணி நேரத்தில். 500 மில்லி சலைனில் கலந்தால், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட்டில் நிமிடத்துக்கு 21 சொட்டு. இந்த இரண்டாவது கிராம்தான் அடிக்கடி விட்டுப்போகிறது. நோயாளி ஸ்கேன், தியேட்டர், ஐ.சி.யூ. என்று போய்க்கொண்டே இருப்பார். போட்டாயிற்று என்று ஆளுக்கு ஆள் நினைத்துக்கொள்வார்கள். ஆம்பூல் உடைத்தவர் கையோடு நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆய்வில் சேர்ப்பதற்கான சம்மதம் பற்றியும் சொல்ல வேண்டும். மயங்கிக் கிடப்பவரிடம் கையெழுத்து வாங்க முடியாது, உறவினரிடம் கேட்பார்கள். நம் நாட்டில் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். 'பதிவு எண் என்ன?' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று சொன்னாலும் வழக்கமான சிகிச்சை அப்படியே நடக்கும்.

எதை வெற்றி என்று அளப்பது என்பது இன்னும் தீராத வழக்கு. 2023-இல் வெளியான 'பேட்ச்' ஆய்வில், இதே மருந்தின் முதல் டோஸை மருத்துவமனைக்கு வரும் முன்பே கொடுத்து 1,310 பேரிடம் சோதித்தார்கள். 28 நாளில் இறந்தவர்கள் மருந்துப் பக்கம் நூற்றுக்கு 17.3, மறுபக்கம் 21.8. ஆனால் ஆறு மாதம் கழித்து ஓரளவு நல்ல நிலையில் இருந்தவர்கள் 53.7, 53.5. ஏறக்குறைய ஒன்றுதான். பிழைத்தவர்களில் சிலர் கடும் ஊனத்தோடு பிழைத்தார்கள். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. குடும்பங்களைக் கேட்காமல் வெற்றி என்றும் சொல்ல முடியாது.

அந்த ஆறாம் மாதத் தகவல் பெரும்பாலும் போனில்தான் கிடைக்கும். எண் மாறிப்போனால் அந்த நோயாளி கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார். ஆகவே ஆய்வில் சேர ஒப்புக்கொண்டால், பக்கத்து வீட்டுக்காரருடையதோ ஊர் அண்ணனுடையதோ, இன்னொரு எண்ணும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.