வரைந்த துணியை நாமே தைத்தால்

மலையக நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

துணியில் அச்சாகும் பூ, இலை, கோடு, கட்டம், இவற்றை வரைவதுதான் என் தொழில். ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு இஸ்தோப்பில் போட்டிருக்கும் மேசைதான் பட்டறை. வரைவதைப் பற்றிப் பேசத்தான் அழைத்தார்கள். ஆனால் இன்று தையலைப் பற்றியும் நிறையச் சொல்லப் போகிறேன். தையல் மெசினில் உட்கார்ந்த பிறகுதான் என் வரைதலே மாறியது.

சரி, முதலில் வரைதல். ஒரு சீத்தைத் துணியை விரித்தால் அதே பூங்கொத்து திரும்பத் திரும்ப வரும். ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. அதைச் செய்யக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு தாளும் கத்தரிக்கோலும் போதும். சதுரத் தாளின் நடுவில், ஓரங்களைத் தொடாமல் வரையுங்கள். தாளை நான்கு சம துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் திருப்பாமல் அப்படியே நகர்த்தி, மூலைக்கு மூலை எதிர்ப்பக்கத்தில் வையுங்கள். மேல் இடது கீழ் வலதுக்கு, மேல் வலது கீழ் இடதுக்கு. பின்புறம் டேப் ஒட்டுங்கள். வரைந்ததெல்லாம் இப்போது ஓரங்களுக்குப் போயிருக்கும், நடுவில் வெற்றிடம். அதை நிரப்புங்கள். இந்தத் தாளை எத்தனை பிரதி எடுத்து அடுத்தடுத்து வைத்தாலும் இணைப்பு தெரியாது.

வாசலில் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சீக்கிரம் வரும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. கோலத்துக்கு நடுவும் ஓரமும் இருக்கின்றன. துணி வடிவத்துக்கு இரண்டும் கிடையாது. எங்கே வேண்டுமானாலும் கத்தரி விழலாம்.

அந்தக் கத்தரியைத்தான் எனக்குத் தையல் காட்டித் தந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் சொல்லித் தந்தார். கோடு போட்ட கொப்பித் தாளை, நூல் கோக்காத பழைய ஊசிக்குக் கீழே வைத்து, கோட்டின் மேலேயே மெசினை ஓட்டச் சொன்னார். நேர்கோடு வந்த பிறகு வளைவு. அப்புறம் மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்து, துணியை அழுத்திப் பிடிக்கும் மெசின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புவது. அதற்குப் பிறகுதான் துணியும் நூலும்.

நான் வரைகிற தேயிலைக் கொழுந்துகள் எல்லாம் மேலே பார்த்தபடி நிற்கும். தாளில் அழகுதான். தோளில் தையல் வைக்காமல் துணியை மடித்து வெட்டுகிற தளர்ந்த உடுப்பு ஒன்றைத் தைத்துப் பாருங்கள்: முன்பக்கம் கொழுந்து நிமிர்ந்து நிற்கும், முதுகில் தலைகீழாகத் தொங்கும். சேலையில் கதை வேறு. ஐந்தரை மீற்றர் துணியும் இடுப்பைச் சுற்றிக் கிடையாகப் போய், முந்தானையில் மட்டும் கீழே தொங்குகிறது. இடுப்பில் நேராக நிற்கும் பூ முந்தானையில் பக்கவாட்டில் படுத்துவிடும். ஆகவே முந்தானைக்கு வடிவத்தைத் திருப்பித் தனியாக வரைய வேண்டும். பல திசைகளிலும் பார்க்கும் கொழுந்துகளை இப்போது கலந்து வரைகிறேன்.

துணிச் செலவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் வீடுகளில் பெரிய விஷயம். ஜன்னலுக்கு 60 அங்குல உயரத்தில் இரண்டு திரைச்சீலைகள் தைக்கிறோம் என்று வையுங்கள். வடிவம் 24 அங்குலத்துக்கு ஒரு முறை திரும்ப வந்தால், இரண்டிலும் பூக்கள் ஒரே வரிசையில் நிற்க, ஒவ்வொன்றுக்கும் 72 அங்குலம் எடுக்க வேண்டும். 12 அங்குலம் வீண். வடிவம் 6 அங்குலத்துக்கு ஒரு முறை வந்தால் 60 அங்குலமே போதும். பெரிய பூ கடையில் கண்ணைப் பறிக்கும். ஆனால் எண்ணி எண்ணித் துணி வாங்குகிற வீட்டுக்குச் சின்ன வடிவமே நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் தொடங்கிய பிறகு எத்தனையோ மலையகப் பெண்கள் கார்மென்ட் வேலைக்குப் போனார்கள். அங்கே ஒருவருக்குக் கொலர், இன்னொருவருக்குக் கை என்று வேலை பிரிந்திருக்கும். எனக்குச் சொல்லித் தந்த அக்காவும் அப்படிக் கொலர் தைத்தவர்தான். ஊருக்குத் திரும்பிய பிறகுதான் ஒரு முழுச் சட்டையைத் தானே வெட்டித் தைத்தார். வடிவம், வெட்டு, தையல் மூன்றும் ஒரே வீட்டில் சேர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

அப்படிச் சேர்ந்து நடந்த இடங்கள் நமக்குத் தூரமில்லை. கண்டிக்குப் பக்கத்துத் தும்பறையில், தலகுனே கிராமத்து நெசவாளர்கள் மானையும் பறவையையும் தறியிலேயே நூல் எண்ணி ஏற்றுகிறார்கள். வடிவமும் துணியும் ஒரே கையில் பிறக்கின்றன. துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பத்திக் கலைஞர் எனா டி சில்வா கொழும்பில் தன் வீட்டிலேயே வேலையைத் தொடங்கியவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா கட்டிய பெந்தோட்டை ஹோட்டலின் உட்கூரையில் எனாவின் பத்திக் துணிகள் இருந்தன. பிறகு மாத்தளை அலுவிகாரையில் குடியேறி, 2015இல் காலமாகும்வரை ஊர்ப் பெண்களோடு சேர்ந்து இயங்கினார்.

தொடங்க நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மிதி மெசின் கிடைத்தால் விடாதீர்கள். காற்றுக் காலத்தில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. நம் ஈரத்துக்கு ஊசி துருப்பிடிக்கும், எண்ணெய்த் துணியில் குத்தி வையுங்கள். சாதாரணக் கொட்டனுக்கு 14ஆம் எண் ஊசி, மெல்லிய துணிக்கு 11. கொட்டன் சுருங்கும், அதனால் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடுங்கள். பனிமூட்ட நாளில் காயத் தாமதமாகும், பரவாயில்லை. வடிவத்தை அச்சடிக்கக் கொடுக்கும்போது துணியின் ரகத்தைக் கேளுங்கள்: சூட்டில் தாளிலிருந்து துணிக்கு ஏற்றுகிற அச்சு பொலியெஸ்டரில் நன்றாகப் பிடிக்கும், கொட்டனில் நிற்காது.

முதலில் தலையணை உறை தையுங்கள். எல்லாம் நேர்த்தையல், உங்கள் வடிவமும் வெட்டுப்படாமல் முழுசாகத் தெரியும்.

நன்றி, வணக்கம்.