ஒட்டினால் உராயும், சரி, தேயுமா?

(காட்சி: ஆத்தங்குடி பட்டறை. கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் ஒரு தரைக்கல்.)

இந்தக் கண்ணாடியைக் கவனியுங்கள். இதன் மேல் அச்சை வைத்து, வண்ண சிமெண்ட் கரைசலை ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமெண்டும் போட்டு இறுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்த கல் இது. சூளையே கிடையாது. இப்போது கண்ணாடி தனியாக வந்துவிடுகிறது, கல் பளபளக்கிறது. சிமெண்ட் இன்னும் இறுக்கமாகப் பிடித்திருந்தால்? கல்லின் மேல்தோல் பிய்ந்து கண்ணாடியிலேயே தங்கியிருக்கும். ஒட்டிய இடத்தில் விடுகிறதா, உள்ளே பிய்கிறதா என்பதுதான் விஷயம்.

வழவழப்பாக இருந்தால் உராய்வு குறைவு என்று பள்ளியில் படித்தது பாதிதான் சரி. எவ்வளவு மழமழவென்று தேய்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கும், இரண்டு பரப்புகள் சேரும்போது அந்த மேடுகளின் நுனிகள் மட்டும்தான் தொடும். கேம்பிரிட்ஜில் பவுடன், டேபர் என்ற விஞ்ஞானிகள் இதை வைத்துத்தான் விளக்கினார்கள்: சுமை ஏறினால் நுனிகள் நசுங்கி, உண்மையாகத் தொடும் பரப்பு கூடுகிறது, அங்கே ஒட்டுகள் உண்டாகின்றன, அவற்றை அறுக்கத் தேவைப்படும் விசைதான் உலோகங்களின் உராய்வில் பெரும்பங்கு. செங்கலைப் படுக்கவைத்து இழுத்தாலும் நிமிர்த்தி இழுத்தாலும் சுமை ஒன்றுதான் என்பதால் உண்மையாகத் தொடும் பரப்பும் ஒன்றுதான், அதனால் ஏறக்குறைய ஒரே பலம்தான் வேண்டும்.

அப்புறம் தேய்மானம். சுமையும் நகரும் தூரமும் கூடினால் அது கூடும், பொருள் கடினமானால் குறையும். இது 1953-இல் ஆர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரம். அதில் வரும் குணகம், அதாவது பெருக்க வேண்டிய எண், பெரும்பாலும் மிகச் சிறியது, ஏனென்றால் பெரும்பாலான ஒட்டுகள் எதையும் பிய்க்காமலே விட்டுவிடுகின்றன. அதனால் உராய்வு அதிகம், தேய்மானமும் அதிகம் என்று கணக்குப் போடாதீர்கள். டெஃப்லான் எதிலும் சரியாக ஒட்டாது, உராய்வும் மிகக் குறைவு, ஆனால் வேறெதுவும் கலக்காத டெஃப்லான் சீக்கிரமே தேய்ந்துவிடும்!

(காட்சி: கானாடுகாத்தான் வீட்டு முகப்பு. கதவின் இரும்புக் கீல்.)

இரும்பும் இரும்பும் உரசினால் இனம் இனத்தோடு சேரும் கதைதான், எளிதில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஆக்சைடு படலமும் எண்ணெயும் நிற்பதால் கதவு திறக்கிறது. அவை போனால்? 1991-இல், வியாழன் கோளுக்குப் போய்க்கொண்டிருந்த கலிலியோ விண்கலத்தின் பெரிய ஆன்டெனா முழுதாக விரியவில்லை. மசகு (உராய்வைக் குறைக்கும் பூச்சு) போய், சில ஊசிகள் குழிகளிலேயே சிக்கிக்கொண்டதுதான் காரணம் என்று முடிவுசெய்தார்கள்.

வளவுத் (வீட்டின் நடு முற்றம்) தரை மட்டும் வேறு கணக்கு. அங்கே எதிரி ஒட்டுதல் இல்லை, செருப்போடு வரும் மணல். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமம் சிமெண்டைவிடக் கடினம், கீறிவிடும். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது நல்லதுதான், ஆனால் முதலில் பெருக்குங்கள்.