ஆழம் தெரிந்து காலை விடுங்கள்

(பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில், பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன ஓரிரு வரிகளைச் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர், இக்கல்லூரியின் முதல்வர் அவர்களே! முன்னிலை வகிக்கும் கணினி அறிவியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே! வரவேற்புரையில் என்னைப் பற்றி எனக்கே தெரியாத பல செய்திகளைச் சொன்ன தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்களே! உடல்நலம் சரியில்லாத நிலையிலும் முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மூத்த வழக்கறிஞர் ஐயா அவர்களே! வணிகர் சங்கப் பெருமக்களே, பெற்றோர்களே, கடைசி வரிசையில் போனை மடியில் மறைத்து ஆடிக்கொண்டிருக்கும் என் அன்புத் தம்பி தங்கைகளே! அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த விழாக்குழுவினருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

‘வீடியோ கேம் வடிவமைப்பு: பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா?’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன். அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள்? எங்கே படிக்கலாம்? படித்தால் வேலை கிடைக்குமா? அதற்கு முன்னால் ஒரு பழமொழி. என்னைத் தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள். ஆமாம், அதேதான்: ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே.’ ஆற்றங்கரையில் வளர்ந்தவன் வாயில் வேறு என்ன வரும்?

முதலில் பெற்றோரின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். கேம் என்றதும் பலருக்கு ரம்மியும், கடனும், நாளிதழில் வரும் துயரச் செய்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. நியாயமான பயம். ஆனால் அது வேறு, இது வேறு. 2025-ல் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் என்கிற திறமைப் போட்டி விளையாட்டுகளையும் சூதில்லாத விளையாட்டுகளையும் வளர்க்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. உங்கள் பிள்ளை கேட்பது இந்த இரண்டாவது வாசலை.

சரி, என்ன சொல்லித் தருகிறார்கள்? கோடிங் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள், நன்றாக ஆடத் தெரிந்தால் போதும் என்று மீதிப் பேர். கோடிங் அதில் ஒரு பங்குதான். படம் வரைகிறவர், ஒலி சேர்க்கிறவர், கதை எழுதுகிறவர், ஆடிப்பார்த்துப் பிழை சொல்கிறவர் எல்லோரும் வேண்டும். டிசைனரின் வேலை விதி செய்வது. ஆடுகிறவன் எதைச் செய்யலாம், செய்தால் என்ன கிடைக்கும், தோற்றால் எங்கிருந்து மறுபடி தொடங்குவான் என்று முடிவுசெய்வது. 2004-ல் மூன்று பேர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை இன்றும் இந்த வகுப்புகளில் பாடம். நாம் எழுதுவது விதி, அந்த விதி ஆட்டத்தில் ஓடும்போது நடப்பது வேறொன்று, ஆடுகிறவன் மனசில் தங்குவது இன்னொன்று என்று பிரித்துக் காட்டுகிறது அது.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1978-ல் ஜப்பானில் தோமோஹிரோ நிஷிகாடோ செய்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ ஆட்டத்தில், எதிரிகளைச் சுடச் சுட மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். திரையில் வரைய வேண்டியவை குறையக் குறைய, அந்தக் காலத்து பிராசஸர் பாரம் குறைந்து வேகமாக ஓடியது, அவ்வளவுதான். நிஷிகாடோ அதைத் திருத்தாமல் விட்டார். அந்தப் பரபரப்புக்காகவே ஜனம் காசு போட்டு ஆடியது.

ஜப்பான் எதற்கு? கல்லிடைக்குறிச்சிக்கு வாருங்கள். எங்கள் சொந்தக்காரப் பையன், பி.இ. முடித்தவன், பல்லாங்குழியைப் போனில் கொண்டுவரப் போகிறேன் என்று கிளம்பினான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவன் ஆச்சி வீட்டுக்குப் போனான். ஆச்சி முற்றத்தில் அப்பளம் காயப்போட்டுக்கொண்டு இருக்கிறாள். “ஆச்சி, பல்லாங்குழி ரூல்ஸ் சொல்லுங்க, டைப் பண்ணணும்.” ஆச்சி நிமிர்ந்து பார்த்தாள். “ரூல்ஸா? அந்தப் பெட்டிய மூடி வைல. ஆடுததுக்கு கை வேணும்லா.”

பரண்மேல் கிடந்த மடக்குப் பலகை இறங்கியது. ஏழும் ஏழும் பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. இவன் போட்டுக்கொண்டே மனசுக்குள் எழுதிக்கொள்கிறான்: கையில் தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளு, அது வெறுங்குழி என்றால் துடைத்துவிட்டு அதற்கடுத்ததை எடு, நான்கு சேர்ந்தால் பசு, குழிக்காரர் எடுத்துக்கொள்ளலாம். “இது நம்ம அம்மா வீட்டுக் கணக்கு. என் மாமியா வீட்ல வேற மாதிரி” என்று ஆச்சி நடுவில் ஒரு குண்டு போட்டாள். முதல் ஆட்டம் தோற்றான். இரண்டாவது ஆட்டத்தில் அவனுக்குக் குழி நிரப்பவே கொட்டை போதவில்லை. மூன்றாவதில் பையன் முகம் சுண்டிப்போயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் வந்து உட்கார்ந்தது. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. அது ஆச்சியை ஜெயித்துவிட்டது! இவன் கூர்ந்து பார்த்தான். பசு விழுகிற குழியை ஆச்சி வேண்டுமென்றே விட்டுவிட்டு வேறு குழியை எடுக்கிறாள். “தப்பா ஆடுதீய ஆச்சி!” என்று கத்தினான். “சும்மா கெடல. புள்ள தோத்துக்கிட்டே இருந்தா எந்திரிச்சுப் போயிரும். அப்புறம் நான் யாரு கூட ஆட?” “அப்ப என்னைய மட்டும் ஏன் அப்பிடிப் போட்டு அடிச்சிய?” ஆச்சி சொன்னாள்: “நீ ஃபீஸ் கட்டிப் படிச்சவம்லா!”

(கைதட்டல் ஓயட்டும்.) ஆடுகிறவரின் திறமைக்குத் தக்கபடி கஷ்டத்தைக் கூட்டிக் குறைப்பது என்று பெரிய கம்பெனிகள் ஆள் போட்டுச் செய்கிற வேலை இது. பையன் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் எழுதினான்.

இப்போது அரங்குக்கு வருகை தந்திருக்கும் நமது மாமன்ற உறுப்பினர் அவர்களை வருக வருக என வரவேற்கிறேன். முன்னால் நாற்காலி போடுங்கள், தம்பி. ஐயா, சரியான நேரத்துக்கு வந்தீர்கள். உங்களிடம் சொல்ல வேண்டியது கடைசியில் இருக்கிறது.

எங்கே படிக்கலாம்? தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் பெங்களூரு வளாகத்தில் டிஜிட்டல் கேம் டிசைன் என்றே எம்.டெஸ்., அதாவது வடிவமைப்பு முதுகலைப் படிப்பு, இருக்கிறது. அது பட்டம் முடித்தவர்களுக்கு. பிளஸ் டூ முடித்தவர்கள் பி.டெஸ். என்கிற வடிவமைப்பு இளநிலைப் படிப்பில் சேர அந்த நிறுவனத்தின் டாட் தேர்வு எழுதலாம், அதையே ஐ.ஐ.டி.க்களில் படிக்க யூசீட் என்ற நுழைவுத்தேர்வு எழுதலாம். இரண்டிலும் கை வரைய வேண்டும், கண் கவனிக்க வேண்டும். மனப்பாடம் உதவாது. வெளிநாடு என்றால் ஸ்காட்லாந்தின் அபர்டே பல்கலைக்கழகம் 1997-லேயே கேம் பட்டப்படிப்பைத் தொடங்கிவிட்டது.

தனியார் இடங்களும் நிறைய. இங்கேதான் ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. பளபளப்பான நோட்டீஸைப் பார்த்து வங்கிக் கடனுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். போன வருஷப் பிள்ளைகள் செய்த ஆட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள், நீங்களே ஆடிப் பாருங்கள். பட்டத்தைத் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதற்கு யு.ஜி.சி. அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். அதற்கும் முன்னால், கேம் செய்வதற்கான ‘கோடோ’ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த லீவில் அதில் ஒரு சின்ன ஆட்டத்தை முடித்துப் பாருங்கள். தொடங்குவது எல்லோராலும் முடியும். முடிக்கப் பொறுமை இருக்கிறதா என்று அப்போது தெரிந்துவிடும்.

மாரியோவைச் செய்த ஷிகெரு மியாமோட்டோ படித்தது கம்ப்யூட்டர் அல்ல, தொழில் வடிவமைப்பு. கியோட்டோவுக்குப் பக்கத்தில் சோனோபே என்ற ஊரில், சின்ன வயதில் காடுமேடெல்லாம் அலைந்தவர், விளக்கை எடுத்துக்கொண்டு குகைக்குள் போய்ப் பார்த்தவர். 1986-ல் வந்த ‘தி லெஜெண்ட் ஆஃப் செல்டா’வுக்கு அந்த அலைச்சல்தான் வித்து. அவருக்கு ஒரு குகை போதுமாக இருந்தது. நமக்குப் பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணி என்று ஒரு ஆறே இருக்கிறது! கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கார் பருவ நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர், பிசானப் பருவ நெல்லுக்கு எவ்வளவு, தலைமடைக்காரர் கேட்கும்போது கடைமடைக்காரரை என்ன செய்வது, மழை தவறினால் எந்தக் குளம் முதலில்? விதி, வளம், போட்டி, தோல்வி எல்லாம் அதில் இருக்கின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி, ஆறு ஊருக்குள் வந்ததே, அந்த இரவை ஒரு ஆட்டமாகச் செய்து பாருங்கள். எந்தக் குளம் உடையும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

ஆனால் அந்த ஆற்றில் இன்று உங்கள் பிள்ளையை இறக்கிவிடுவீர்களா? என் பழமொழியே தோற்றுப்போகிற இடம் இது. ஆழம் தெரிந்தாலும் காலை விட முடியவில்லையே! பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்த துணியை ஆற்றோடு விட்டுப் போகிறார்கள், தண்ணீருக்குள் நிற்கிறவன் காலில் சேலை சுற்றுகிறது. ஊருக்குள் நுழைந்ததும் சாக்கடை சேர்கிறது. படித்துறையில் நீந்தக் கற்ற கடைசித் தலைமுறை நாங்கள்தானோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. ஆற்றில் குதித்தறியாத பிள்ளை, திரையில் எந்த ஆற்றை வரையும்? கேம் படிப்பைப் பேச வந்தவன் சாக்கடையைப் பேசுகிறானே என்று துறைத் தலைவர் அம்மையார் சிரிக்கிறார்கள். அம்மா, என்னைக் கூப்பிட்டால் தாமிரபரணியும் கூடவே வரும், தெரிந்துதானே கூப்பிட்டீர்கள்?

வேலைவாய்ப்பைப் பற்றிச் சொல்லவில்லையே என்று ஒரு தங்கை சீட்டு அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. ஆனால் தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். கீழே இறங்கியதும் வாருங்கள், பேசுவோம்.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். சாக்கடை நீரைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விடக் கூடாது என்ற மனு அங்கே இருக்கிறது. பெயரையும் வார்டு எண்ணையும் தெளிவாக எழுதுங்கள், போன தடவை பாதிப் பேர் கிறுக்கிவிட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் குறுக்குத்துறையில் துணி அள்ளும் வேலை இருக்கிறது, பழைய செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். முதல் கையெழுத்தைப் போட மாமன்ற உறுப்பினர் ஐயா இசைந்திருக்கிறார். தலையாட்டினார், நான் பார்த்தேன்! நன்றி, வணக்கம்.